பாயோரத்து விருந்து

ஆறு மாதக் குழந்தை நிலவனுக்கு அன்றுதான் முதல்முறையாக மசித்த வாழைப்பழம். அம்மா ஒரு கரண்டி ஊட்டினாள். அவன் முகத்தைச் சுளித்து, நாக்காலேயே எல்லாவற்றையும் வெளியே தள்ளினான். பாயோரம் நின்ற இரண்டு பிள்ளையார் எறும்புகளின் முன்னால் அது பொத்தென்று விழுந்தது.

"நமக்காகவே மசிச்சிருக்காங்கக்கா" என்றது இளையது.

"தங்கமான பிள்ளை. தனக்குன்னு வச்சுக்காம அப்படியே குடுக்குறான் பாரு" என்றது மூத்தது.

இரண்டாம் நாள் பாதிதான் விழுந்தது. மூன்றாம் நாள் கரண்டியைக் கண்டதுமே நிலவன் கைகாலை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். கிண்ணம் காலியானது. அம்மா சிரித்துச் சிரித்து அவன் வயிற்றில் முத்தமிட்டாள். கீழே ஒரு பொட்டுகூட விழவில்லை.

"எவ்வளவு நல்ல பிள்ளை, மூணே நாள்ல இப்படிக் கெட்டுப்போயிட்டானே" என்று மூத்தது தலையில் அடித்துக்கொண்டது.

அம்மா குழந்தையின் வாயைத் துடைத்தாள். "வாழைப்பழம் பழகிடுச்சு என் ராஜாவுக்கு. நாளைக்குச் சப்போட்டா குடுத்துப் பாப்போமா?"

மூத்தது சட்டென்று நிமிர்ந்தது.

"ஓடு, சித்தி பெரியம்மா எல்லாரையும் கூட்டிட்டு வா. பிள்ளை நாளைக்குத் திருந்திடுவான்."