ரிலே போட்ட சத்தம்

மலைப்பாதையில் ஏறிய காரின் முன்கண்ணாடியைப் பனி மூடியது. சூடேற்றும் சுவிட்சைப் போட்டும் விலகவில்லை. வழி தெரியாமல் கார் வளைவிலேயே நின்றுவிட்டது.

"என் வேலையை நான் செஞ்சாச்சு," என்றது கண்ணாடிக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே. "டக்குனு சத்தம் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு. எனக்குக் குளிர்தான் விடல," என்றது கண்ணாடி.

உதவிக்கு வந்த மெக்கானிக் கொண்டுவந்த, கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப், ரிலேக்குள் கரண்ட் வரும் முனையைத் தொட்டதும் எரிந்தது. வெளியே போகும் முனையில் எரியவில்லை.

"அண்ணே, உங்ககிட்ட வர்றது வருது. உங்களைத் தாண்டி எதுவும் போகல," என்றது லேம்ப் ரிலேயிடம்.

"அப்போ அந்த டக்?"

"அது வெறும் சத்தம்ண்ணே."

மெக்கானிக் புது ரிலே மாட்டினார். சற்று நேரத்தில் பனி கரைந்து பாதை பளிச்சென்று தெரிந்தது.

கழற்றி டாஷ்போர்டில் போட்ட பழைய ரிலே, புதியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "இவன் எங்க உருப்படப் போறான்? சத்தமே பத்தலையே!"