வீட்டாருக்குரிய சொல்

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அவளுக்கு 'இருங்க மேடம்' என்று பெயர் வைத்திருந்தனர்.

தொலைபேசியில் வாடிக்கையாளரைக் காக்க வைக்கும் கலையைக் கற்பிப்பதே அவள் வேலை. அந்தப் பழக்கம் அவளுடன் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாசலில் காய்காரர் அழைத்தால்கூட, "ஒரு நிமிஷம்ங்க, பையை எடுத்துட்டு வரேன்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அன்றைய வகுப்பிலும் காத்திருக்கச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களை வெண்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் குணத்தையும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

'ஜஸ்ட் எ மொமென்ட்' எல்லோருக்கும் பொது. 'ஹோல்ட் ஆன்' என்பதோடு 'ப்ளீஸ்' சேராவிட்டால் அது அதட்டல். 'பேர் வித் மீ' அந்நியருக்கு உரியது. அதுவும் பொறுமை இழக்கத் தொடங்கிவிட்ட அந்நியருக்கு. 'ஹேங் ஆன்' மட்டும் இந்த அலுவலகத்துக்குள் நுழையவே கூடாது. அது வீட்டாருக்கும் மிக நெருங்கியவருக்கும் உரிய சொல்.

"கஸ்டமர்கிட்ட ஹேங் ஆன்னு சொல்லிட்டா என்ன மேடம் ஆகும்?" என்றாள் முதல் வரிசைப் பெண்.

"அவர் கொஞ்ச நேரம் தொங்குவார். மாசக் கடைசியில நீ தொங்குவே."

வகுப்பு சிரித்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வேற்றூரில் திறக்கவிருக்கும் கிளைக்கு அவளைப் பயிற்சித் தலைவியாக அனுப்ப மேலாளர் விரும்பினார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கம்மா. உங்களுக்காக எத்தனை தடவைதான் தள்ளிப் போடறது?" என்று காலையிலேயே கேட்டுவிட்டார்.

வாய்ப்பு வருவதும் அவள் மறுப்பதும் புதிதல்ல. கணவர் அயல்நாட்டில் இருந்தார். வேலை நிரந்தரமானதும் அழைத்துக்கொள்வதாகச் சொன்னார், நிரந்தரமாயிற்று. வீடு பார்த்ததும் அழைப்பதாகச் சொன்னார், வீடும் பார்த்தாயிற்று.

"இலவு காத்த கிளிகூட, பஞ்சு பறந்ததும் எழுந்து போயிடும் அண்ணி" என்று நாத்தனார் ஒருநாள் சொன்னாள். அவருடன் கூடப் பிறந்தவளே இப்படிச் சொன்ன பின்னும் இவள் சிரித்து மழுப்பினாள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு, மாடிப்படித் திருப்பத்துக்கு வந்து கணவரை அழைத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அவருக்கு விடுமுறை நாள்.

"என்னங்க, இன்னைக்கு நான் ஆபீஸ்ல பதில் சொல்லியாகணும். நான் அங்க வரட்டுமா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள், அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. தூக்கம் கலையாத ஒரு பெண்குரல் எதையோ கேட்டது. என்ன கேட்டது என்பது விளங்கவில்லை.

"ப்ளீஸ் பேர் வித் மீ" என்றார் கணவர், இவளிடம்.

பிறகு வாயைத் தொலைபேசியிலிருந்து விலக்கி, மெல்ல, "ஹேங் ஆன்" என்றார்.

படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள். அவள் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

மணமான நாள் முதல் வீட்டுப் பேச்சில் அவர் அவளிடம் ஆங்கிலம் பேசியதே இல்லை. இப்போது பேசியதும் அவளுக்காக அன்று; அந்த அறையில் இருந்தவளின் காதுக்காக. அழைத்தவர் யாரோ ஓர் அந்நியர் என்று அந்தப் பெண் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்கு முன், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார வைத்து, எந்தச் சொல் யாருக்கு உரியது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவளேதான். மாற்றிச் சொன்னபோதெல்லாம் செல்லமாகத் தலையில் குட்டியும் இருக்கிறாள்.

நன்றாகத்தான் படித்திருக்கிறார்.

மறுமுனையில் அவர் தொலைபேசியைக் கையால் பொத்தியிருந்தார் போலும். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது.

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

மேலாளர் தம் அறையில் வேறொருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், சற்றுப் பொறுக்குமாறு உள்ளங்கையை உயர்த்தி, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்காரவில்லை.

"நான் அந்த ஊருக்குப் போறேன் சார்" என்றாள். "திங்கட்கிழமையே சேர்ந்துக்கறேன்."