காதுக்கு அனுமதி இல்லை

கல்குவாரி வெடியில் கண்ணிழந்த சோணைமுத்து, வாயால் சொல்லிச் சொல்லியே தன் வாழ்க்கையைப் புத்தகமாக்கிவிட்டார். பதிப்பகம் ஒரு பிரதியை மின்னூல் வாசிப்புப் பலகையில் ஏற்றி அனுப்பியிருந்தது. மனைவி பெரியக்காளுக்கு எழுத்து தெரியாது.

"என்னையப் பத்தி என்னய்யா எழுதியிருக்க? அதப் படிக்கச் சொல்லு," என்றாள்.

அவர் பலகையைத் தட்டினார். "இந்நூலின் குரல் உரிமை வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. சத்தமாக வாசிக்க இயலாது" என்று அது சத்தமாகவே சொன்னது.

"இத மட்டும் நல்லாப் பேசுது பாரு."

"சனியன் கெடக்கு. நானே சொல்றேன் கேளு."

மனப்பாடமாக ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே பலகை குறுக்கிட்டது: "பாதுகாக்கப்பட்ட வரிகள். நிறுத்தாவிட்டால் வழக்குப் பதிவாகும்."

"நான் எழுதுனதுடா!"

"ஆசிரியருக்கும் இது பொருந்தும்."

பெரியக்காள் யோசித்தாள். "சரி விடு. புத்தகத்துல எழுதாம விட்டதச் சொல்லு. அதுக்கு எவன் கேஸ் போடுவான்?"

சோணைமுத்து மனசுக்குள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அவள் கல் சுமந்தது, பட்டினி கிடந்தது, வெடித்த அன்று அவரைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியது, எல்லாமே புத்தகத்தில் இருந்தது. குடித்துவிட்டு அவளை அடித்ததை மட்டும்தான் விட்டிருந்தார்.

அதைச் சொல்லத் தொடங்கினார். பலகை குறுக்கிடவில்லை.