காதில் சொன்ன பெயர்

தவிட்டம்மாளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் பெயர் வைத்த மாதத்திலேயே போய்ச் சேர்ந்தன. அதனால் நாலாவதாகப் பிறந்தவளை அம்மா உலகம்மாள் அடுத்த வீட்டுக்காரியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நல்ல பெயர் ஒன்றும் வைத்தாள். ஆனால் அது எமன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று, பிள்ளையின் காதுக்குள் ஒரே ஒரு தடவை சொன்னதோடு சரி.

பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசிலும் சிரித்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் தவிட்டம்மாள் பெயர் மாற்றும் விண்ணப்பம் ஒன்றை வாங்கி நிரப்பினாள். 'புதிய பெயர்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடும்படி டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"எம்மா, இப்பமாவது சொல்லு. எனக்கு என்ன பேரு வச்ச?"

உலகம்மாள் கண்ணைத் திறந்து, கிட்டே வரும்படி சைகை காட்டினாள். தவிட்டம்மாள் பேனாவோடு குனிந்தாள். அம்மா கட்டிலின் கால்மாட்டை ஒரு தடவை பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"கிறுக்கு மூதி, இப்பமா கேப்ப? அவன் இங்கனதான நிக்கான்" என்று காதுக்குள் சொன்னாள்.

பிறகு, மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்:

"ஏட்டி தவிடு! தண்ணி குடுட்டி."