நீர்நாயின் வலது கால்

“டேய், நீர்நாய்க்கு எத்தனை காலுடா?”

“நாலுக்கா.”

“நீ செதுக்கினது?”

குளத்துப் படிக்கட்டில் நின்றபடி தம்பி தன் தச்சுப் பையைத் திறந்து காட்டினான். உள்ளே மரத்தில் செதுக்கிய பாதம் ஒன்று, ஐந்து விரல்களோடும் விரலிடைச் சவ்வோடும் அழகாகக் கிடந்தது. ஒன்றே ஒன்று. வலது கால்.

தையல்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“பாவி! ரெண்டு கையையும் வலது கையா வெட்டிச் சட்டை தைச்சா எவனாவது போடுவானா? நாலு காலும் வலது காலா ஒரு நீர்நாய் எப்படிடா நடக்கும்?”

“நொண்டியடிச்சுப் போச்சுன்னு சொல்லிடலாமே.”

“கரை பூராவுமா?”

தம்பி தலையைச் சொறிந்தான். பாதத்தைப் பைக்குள் தள்ளி மூடினான்.

அக்காதான் குளம் காப்போர் சங்கத்தின் தலைவி. குளத்தை மூடி லாரி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் தையல் மிஷின் பாதி நேரம் சும்மாதான் கிடந்தது. போன வாரம் வந்த வன அதிகாரியிடம் கல்படிக்கட்டைக் காட்டினாள், மீன்கொத்தியைக் காட்டினாள், வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமையைக்கூடக் காட்டினாள். அந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினார்.

“படிக்கட்டு பழசு, பறவை அழகுன்னெல்லாம் எழுதினா மேல எவனும் படிக்க மாட்டான்மா. நீர்நாய் மாதிரி சட்டம் பாதுகாக்குற பிராணி ஒண்ணு இருந்தாலாவது பேசலாம். கால்தடம் ஏதாவது கண்ணுல பட்டா சொல்லுங்க.”

அவர் ஜீப் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, அக்கா தம்பியின் பட்டறைக்குப் போய்விட்டாள்.

முந்தாநாள் சாயங்காலம் அக்கா சாலையில் காவல் நிற்க, தம்பி கரை நெடுகக் கால்தடம் பதித்தான். உடனே சுற்றிலும் கயிறு கட்டி, அதிகாரிக்குத் தகவல் சொன்னார்கள். தடயம் கலைந்துவிடும் என்று அக்கா ஒருவரையும் உள்ளே விடவில்லை. அவளும் போகவில்லை. போய்ப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து நேற்றே தெரிந்திருக்கும்.

இப்போது ஜீப் வந்து நின்றே விட்டது.

யாரைப் பார்த்தாலும் முதலில் தையலைப் பார்ப்பது அக்காவின் வழக்கம். அதிகாரியின் கால்சட்டை ஓரம் பிரிந்து தொங்கியது. அதில் சேறு வேறு அப்பியிருந்தது. இடது கட்டைவிரலில் பெரிய கட்டு. கவனிக்க ஆளில்லாத மனுஷன் போல என்று, அந்தப் பயத்திலும் அவளுக்குப் பாவமாக இருந்தது.

“யாரும் சேத்துல கால் வைக்கக் கூடாது. படியிலயே நில்லுங்க.”

கயிற்றைத் தாண்டி அவர் மட்டும் இறங்கினார். குனிந்தார். அளந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். சங்கமே படிக்கட்டில் வரிசைகட்டி நின்றது.

“தலையாட்டுறாருக்கா,” என்றான் தம்பி.

“மேலயும் கீழயுமா? பக்கவாட்டுலயா?”

“ஒண்ணும் புரியலக்கா. ரெண்டுங்கெட்டானா ஆட்டுறாரு.”

அதிகாரி நிமிர்ந்தார். “தலைவியம்மா, இங்க வாங்க.”

மானம் கப்பலேறப் போகிறது என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். குளமும் போச்சு, பெயரும் போச்சு. தம்பியையாவது காப்பாற்றிவிடலாம் என்று இறங்கினாள்.

“சார், நான் ஒண்ணு சொல்லிடறேன். எல்லாத்துக்கும் காரணம்...”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல இதைப் பாருங்க.”

பார்த்தாள். வலது, இடது, வலது, இடது. கரை நெடுகிலும் ஜோடி ஜோடியாகக் கால்தடங்கள்!

“இடது கால் மட்டும் கொஞ்சம் கோணல்,” என்றார் அதிகாரி. “எங்கயோ அடிபட்டிருக்கும் போல. அதனாலென்ன, நீர்நாய் நீர்நாய்தான். இனி இந்தக் குளத்துல ஒரு கூடை மண்ணு விழாது. இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன். ஆமா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“டீ குடிக்கிறீங்களான்னு கேட்க வந்தேன் சார்.”

ஜீப் கிளம்பியதும் படிக்கட்டே அதிர்ந்தது. விசில் பறந்தது. அக்கா தம்பியை ஓரமாக இழுத்துப் போய்க் காதைத் திருகினாள்.

“என்கிட்டயே நாடகமா? இடது காலையும் செதுக்கி எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?”

“சத்தியமா இல்லக்கா! நான் செதுக்கினது இது ஒண்ணுதான். அந்த இடது காலைப் பார்த்து நானே அரண்டு போயிருக்கேன்.”

அக்காவின் கை தானாக இறங்கியது. இருவரும் மெல்லக் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கோரைப்புல் பக்கம் ‘தொளுக்’கென்று ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்தது.

“டேய்... நிஜமாவே வந்துடுச்சுடா!”

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளாகப் பொய் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே கரைந்தது. தம்பி கரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து, கிளம்பிப் போன ஜீப் திரும்பி வந்தது.

“ஒரு சாமானை விட்டுட்டுப் போயிட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே அதிகாரி கோரைப்புல்லுக்குள் கையை விட்டுத் துழாவினார். சேறு சொட்டச் சொட்ட எதையோ எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, தம்பியின் கையில் வைத்தார்.

கோணல்மாணலாக மரத்தில் செதுக்கிய ஓர் இடது கால்.

“அடுத்த தடவை ஜோடியாவே செதுக்கிடுங்க தம்பி,” என்றார் அவர், கட்டுப் போட்ட கட்டைவிரலை ஊதிக்கொண்டே. “எனக்கு உளி பிடிச்சுப் பழக்கமில்ல.”