ஈகிளுக்கு ஒரு பதில்

"இன்னா சார் இது! அவன் உங்கள கெழட்டு முண்டம்னு எழுதியிருக்கான். நீங்க 'சாப்ட்டீங்களா தம்பி'ன்னு பதில் போடறீங்க?"

ஷைலஜாவுக்குப் பொறுக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நாலு கம்ப்யூட்டர் போட்டு ப்ரௌசிங் சென்டர் நடத்துகிறவள். மத்தியானத்தில் வரும் ஒரே ஆள் பாஸ்கரன் சார்தான். ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி போன பிறகு வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அடிக்கும் போனையும் எடுத்த கையோடு வைத்துவிடுவார்.

"அவன் கோவத்துல இருக்கான்மா. கோவத்துல இருக்கறவன் சரியா சாப்பிட மாட்டான்" என்றார் பாஸ்கரன்.

அது இங்கே கோல்டு ஃபீல்ட்ஸ் தங்கச் சுரங்க ஊரில் படித்துவிட்டு உலகமெங்கும் சிதறிப்போனவர்களின் ஈ-மெயில் குழு. யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை, பாஸ்கரனும்தான். பழைய வாத்தியார், பழைய கிரிக்கெட் என்று கதையடித்தவர்கள், அமெரிக்காவில் அந்த இரட்டைக் கட்டடங்கள் விமானம் மோதி விழுந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். அதில் பெரிய வாய் 'ஈகிள்' என்பவனுக்கு. 'அந்த ஜனங்க மொத்தமும் ஒண்ணுதான். குண்டு போட்டு ஒழிச்சுக்கட்டணும்' என்று அவன் எழுத, குழுவிலிருந்த ரெண்டு மூன்று முஸ்லிம் பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போனார்கள்.

மற்றவர்கள் ஈகிளைத் திட்டினார்கள். பாஸ்கரன் மட்டும் கேட்டார்: 'தம்பி, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க? உடம்புக்கு ஒண்ணும் ஆகலியே?'

முதலில் வசவுதான் வந்தது. விடாமல் கேட்டதில் ஒருநாள் நீளமாக எழுதினான். ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தானாம். சட்டையெல்லாம் சாம்பலாம். நடந்தே வீடு போய்ச் சேர்ந்தானாம். இப்போதும் மேலே விமானம் போனால் ரோட்டோரமாக ஒதுங்கி நின்றுவிடுகிறானாம்.

பாஸ்கரன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். நேரமும் அதற்கான காசும் ஏறிக்கொண்டே போவதை ஷைலஜா சொல்லவில்லை.

"இவன் பயந்துட்டிருக்கான்மா. பயம்தான் இப்டி கத்துது."

"பயம்னா ஊரையே கொளுத்தணுமா? நல்லா நாலு வார்த்தை திருப்பிக் குடுங்க சார்!"

"குடுத்தா எழுந்து போயிடுவான்."

"போனா போறான். உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

பாஸ்கரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். ஒரு வரி எழுதுவார், அழிப்பார். 'நீ சொல்றது தப்பு' என்று வந்ததை அழித்தார். 'உனக்கு என்ன தெரியும்' என்று வந்ததையும் அழித்தார். கடைசியில் நின்றது இதுதான்:

'தம்பி, உங்க பயம் நியாயம். நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா ஜனங்கன்னு சொன்னா எனக்கு முகம் தெரியல. அவங்கள்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க. அப்புறம் குண்டு போடறதைப் பத்திப் பேசுவோம்.'

மறுநாள் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பாஸ்கரன் வந்து உட்காருவார், திரையைப் பார்ப்பார், எழுந்து போவார். பஜாரில் யாரோ வணக்கம் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

"நான்தான் அதிகமாப் பேசிட்டேன் போல கீது" என்றார் ஒருநாள், குரல் இறங்கி.

"விடுங்க சார். எவனோ ஒருத்தன். அவனுக்காக ஒடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்று டீ வாங்கித் தந்தாள் ஷைலஜா. அவர் குடிக்கவில்லை. ஆறிப்போய் ஆடை படிந்தது.

அந்த வாரம் முடிந்து, நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஷைலஜா வாசலில் நின்று கையாட்டினாள்.

"சீக்கிரம் வாங்க சார்! உங்க ஈகிள் எழுதியிருக்கான். குழுவுக்கு இல்ல, உங்களுக்கு மட்டும் தனியா!"

குடையைக்கூட மடக்காமல் ஓடிவந்து உட்கார்ந்தார் பாஸ்கரன். ஆங்கில எழுத்தில் தமிழ். உதடு அசைய அசையப் படித்தார்.

'தெரிஞ்ச ஒருத்தரைக் கேட்டீங்க. முனீர். இந்தக் குழுவை விட்டு என்னால போனவங்கள்ல அவனும் ஒருத்தன். நேத்து அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது அவன்தானே? நான் வராதப்போ பாடைக்குத் தோள் குடுத்தவனும் அவன்தானே? விடாம 'சாப்ட்டீங்களா'ன்னு கேட்டது யாருன்னு இப்பத்தான் புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பண்றேன். இந்தத் தடவையாவது வெச்சுடாம பேசுவீங்களாப்பா?'