பாதி அரண்மனை

"அம்மா, பாலம் வருது. தாண்டப் போறோம், கூடவே வாங்க" என்றாள் லம்யாய், பின் சீட்டுப் பக்கம் திரும்பி.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் தவத் முகத்தைச் சுளித்தான். "பின்னாடிக் கண்ணாடியை ஏத்தேன். ஏசி எல்லாம் வெளியே போகுது."

"அம்மா வேடிக்கை பார்க்க வேண்டாமா? பாங்காக் ஆஸ்பத்திரியில சுவரையே பார்த்துட்டுக் கிடந்தவங்க."

பெட்சபுரி மலையும், உச்சியில் வெள்ளை அரண்மனையும் கண்ணில் பட்டன.

"நிறுத்துண்ணே. மேலே போய்ப் பார்த்துட்டுப் போகலாம்."

"கோயில்ல எல்லாரும் காத்திருக்காங்க. இப்பவா ஊர் சுத்தணும்?"

"பதநீர் காய்ச்சிக்கிட்டே காலமெல்லாம் தூரத்திலிருந்து பார்த்த அரண்மனை. 'அடுத்த புத்தாண்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா'ன்னு வருஷா வருஷம் சொன்னது யாரு? நானா?"

தவத் வேகத்தைக் குறைத்தான். வண்டியை ஓரங்கட்டினான்.

டிக்கெட் ஜன்னலில், "மூணு. ஒருத்தங்களுக்கு எழுபது வயசு" என்றாள் லம்யாய்.

"அறுபது தாண்டினா டிக்கெட் வேண்டாங்க. எங்கே அவங்க?"

"பின்னாடி வர்றாங்க." லம்யாய் திரும்பிச் சிரித்தாள். "கேட்டீங்களாம்மா? உங்களுக்கு ஓசி!" சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

இழுவை ரயிலில் ஏறி மேலே போனார்கள். ராஜாவின் கட்டிலருகே நின்று, "இத்தனை பெரிய கட்டில்ல ஒத்தை ஆளாப் படுத்தா தூக்கம் வருமாம்மா?" என்று கேட்டாள். தவத் வேறு பக்கம் பார்த்தான்.

கீழே வாங்கி வந்த உணவை மரநிழலில் பிரித்தார்கள். மல்லிகை மணக்கும் குளிர்ந்த நீரில் சோறு. தொட்டுக்கொள்ள இறால் உருண்டை, இனிப்பு மீன். மூன்று கிண்ணம்.

"அம்மாவுக்கு உருண்டை ரெண்டு கூட வை. அவங்களுக்கு அதுதான் உசிரு" என்றான் தவத், மெல்ல.

"சாப்பிடுங்கம்மா. அந்தப் பக்கக் கோபுரம் இன்னும் பாக்கி. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

தொப்பென்று ஒரு குரங்கு மூன்றாவது கிண்ணத்தின் மேல் குதித்தது. பின்னாலேயே ஒரு பட்டாளம்.

"ஓடு லம்யாய், ஓடு!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள், ரயிலைப் பிடித்து, வண்டிக்குள் விழுந்து, கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

ஆற்றுப் பாலம் வந்தது.

"அம்மா, பாலம்..." என்று திரும்பிய லம்யாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே! கிளம்பறப்போ அம்மாவைக் கூப்பிடவே இல்லையே!"

வண்டி கிறீச்சிட்டு நின்றது. "ஐயோ, மேலேயே விட்டுட்டு வந்துட்டோமா?" தவத் வண்டியைத் திருப்பப் போனான்.

லம்யாய் அவன் கையைப் பிடித்தாள். "வேண்டாம்ணே."

"உனக்கென்ன பைத்தியமா? தனியா எப்படி வருவாங்க?"

"இந்த ரோட்டுலதானே காலமெல்லாம் பனைவெல்லம் வித்தாங்க, அவங்களுக்கா வழி தெரியாது? நாம கூட இருந்தா நம்மளையேதான் பார்த்துட்டிருப்பாங்க. இன்னைக்காவது அரண்மனையைப் பார்க்கட்டும்."

தவத் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஓட்டினான்.

கோயில் வாசலில் சின்னம்மா கையில் ஊதுவத்தியோடு காத்திருந்தாள். "உங்கம்மா ஆவியை ஆஸ்பத்திரியிலிருந்து வழி சொல்லிக் கூட்டிட்டு வந்தாச்சா?"

நேற்றே வந்து சேர்ந்துவிட்ட சவப்பெட்டியைப் பார்த்தபடி லம்யாய் சொன்னாள்: "வந்துடுவாங்க சின்னம்மா. இன்னும் பாதி அரண்மனை பார்க்க வேண்டியிருக்கு."